வெள்ளச்சி எழுந்துவிட்டாள், எல்லோருக்கும் நன்றி

நேற்று சாயங்காலம் எங்கள் மாடு வெள்ளச்சி தானாக எழுந்து நின்று, நீட்டிய சோளத்தட்டை இழுத்துத் தின்றாள். கண்ணில் இருந்த மஞ்சளும் தெளிந்துவிட்டது. உண்ணிச்செடியைத் தின்று விஷமேறி அவள் படுத்துவிட்டது ஊருக்கே தெரியும், மறுபடி விவரமாகச் சொல்லப்போவதில்லை. ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்றுதான் இன்றைக்கே உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி என்றும் பார்க்காமல் வந்த கால்நடை மருத்துவருக்கும், கரித்தூள் கரைசலை உள்ளே செலுத்தும்போது மாட்டைப் பிடித்துக்கொண்ட பையன்களுக்கும், தங்கள் மாட்டுக்கே தட்டுப்பாடாக இருந்தும் தீவனம் கொடுத்தனுப்பிய வீடுகளுக்கும் பெரிய கும்பிடு.

மேட்டுத்தெரு ஆத்தாவைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். அவர் ஆடுகள் எங்கள் வரப்பில் ஏறியதில் இரண்டு வீட்டுக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு. அவர் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. விடிந்ததும் வந்து மாட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "கறுப்புத் தோலுக்கு ஒண்ணுமில்ல, வெள்ளைத் தோல் மட்டும் உரியுது பாத்தியா கண்ணு? வெயில் ஆகாது இதுக்கு."

கொட்டகைக்குக் கூரை இருக்கிறதே என்றோம். காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்வாக உள்ளே நுழைந்து, மூக்கிலும் மடியிலும் விழுவதைக் கை நீட்டிக் காட்டினார். போனவர் பழைய சேலைகளோடும் உரச்சாக்குகளோடும் திரும்பி வந்து, கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்துக் கிழக்குப் பக்கத்தை அடைத்தார். அன்றிலிருந்து பொழுது சாய்ந்ததும் காற்றுக்காகச் சுருட்டி விடுவதும், விடியுமுன் இறக்கி விடுவதும் அவர் வேலையாகவே ஆகிவிட்டது. உண்ணிச்செடியின் விஷம் ஈரலைத் தாக்கினால், தின்ற பச்சையிலிருந்து வரும் ஒரு பொருள் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடுமாம். அப்போது வெயில் பட்டால் வெள்ளைத் தோல் வெந்துபோகும் என்று டாக்டர் விளக்கினார். ஆத்தாவுக்கு இந்த விளக்கமெல்லாம் தேவைப்படவில்லை. நன்றி சொல்லப் போனால், "மாடு எந்திரிக்கட்டும், அப்புறம் பேசு" என்பார். எந்திரிச்சாச்சு ஆத்தா, பேசுகிறேன்.

மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரே கொத்தில் பூக்கும் அந்த உண்ணிச்செடிப் பூ இப்போதும் அழகாகத்தான் இருக்கிறது, எரிச்சலாக வருகிறது. அழகுக்காகத்தான் 1809-இல் அதைக் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்களாம். இன்றைக்கு எங்கள் சத்தியமங்கலம் காட்டோரத்தில் புல் முளைக்க வேண்டிய இடத்தில் அதுதான் நிற்கிறது. மற்ற நாளில் மாடு மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கோடையில் புல்லே இல்லாதபோது அதுவும்தான் என்ன செய்யும்?

எங்கள் பட்டா நிலத்து வேலியோரம் இனி ஒரு புதரையும் விடப்போவதில்லை. மேலாக வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். மண்ணுக்குக் கீழே மூன்று அங்குலத்தில் வேரை அறுத்து, தூரோடு தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காய் கறுத்தால் கொண்டைக்குருவிகள் தின்று விதையை ஊரெல்லாம் பரப்பும், அதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஆத்தாவின் ஆட்டுப்பட்டியை ஒட்டிய பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.