வாங்கிய கேமராவைப் படிக்கவும் நேரம் ஒதுக்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒளிப்படத் தொழிலில் காலத்துக்கேற்ப மாறுவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது அடுத்து எந்தக் கேமராவை வாங்கலாம் என்பதிலேயே போய் முடிகிறது. வாங்குவதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, வாங்கிய கருவியைப் படிப்பதில் நாம் காட்டுவதில்லை என்பதை இத்தொழிலில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் வருத்தத்துடன் சொல்கிறேன்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறிய புதிதில், ஒரு மேடை நிகழ்ச்சியில் சத்தம் எழக்கூடாது என்பதற்காக அசையும் திரையின்றி மின்னணு முறையில் இயங்கும் எலக்ட்ரானிக் ஷட்டரில் படமெடுத்தேன். கேமராவின் சிறு திரையில் குறையொன்றும் தெரியவில்லை. கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், பேசியவரின் நெற்றியிலும் கன்னத்திலும் குறுக்குவாட்டில் கருநிறப் பட்டைகள் விழுந்திருப்பதைக் கண்டேன். எல்இடி விளக்குகள் பலவும் நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மின்னிக்கொண்டிருப்பவை. கேமராவுக்குள் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரோ, இந்த முறையில் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. ஒளி மங்கும் கணத்தில் படிக்கப்பட்ட வரிகளெல்லாம் இருண்டுவிடுகின்றன. அறையில் ஒற்றை விளக்கை எரியவிட்டு நானே சோதித்தேன்: ஒளியைப் பதிவுசெய்யும் நேரத்தை 1/1000 நொடியாக வைத்தபோது தெளிவாகத் தெரிந்த பட்டைகள், 1/100 நொடியாக வைத்தபோது மறைந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அவ்விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுவதால், 1/100 நொடியில் ஒவ்வொரு வரியும் ஒரு முழு மின்னுதலின் ஒளியைப் பெற்றுவிடுவதே காரணம். ஒரு மாலைப் பொழுதில் முடிந்த இந்தச் சோதனையை நிகழ்ச்சிக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியபோதும் இப்படித்தான் நடந்தது. வெளிச்சம் சற்று மிகுந்தாலும் நெகட்டிவ் தாங்கிக்கொள்ளும் என்ற பழக்கத்தோடு வந்த பலர், டிஜிட்டலில் முற்றிலும் வெளுத்துப்போன பகுதியை மீட்க வழியில்லை என்பதைப் படங்களை இழந்த பிறகே அறிந்தார்கள்.

இப்போதைய மாற்றம் அதைவிடப் பெரிது. படத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லால் கேட்டு வரைவித்துக்கொள்ளும் வசதி 2023-ல் போட்டோஷாப்பிலேயே வந்துவிட்டது. அதே ஆண்டில் வெளியான லைக்கா எம்11-பி கேமராவோ, படம் பதிவாகும்போதே அதன் மூலத்தைச் சான்றளிக்கும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சேர்த்துவிடுகிறது. எந்தக் கருவி படத்தில் தோன்றும் தேவையற்ற புள்ளிகளை மட்டும் நீக்குகிறது, எது இல்லாததை இட்டு நிரப்புகிறது என்ற வேறுபாடு தெரியாமல் செய்திப் படமோ சான்றுப் படமோ எடுத்துக் கொடுப்பது, நம்மை நம்பியவர்களுக்குச் செய்யும் தவறாகும்.

ஆகவே, ஒளிப்படக் கலைஞர் சங்கங்கள் புதிய கருவிகளின் அறிமுகக் கூட்டங்களோடு நின்றுவிடாமல், உறுப்பினர்கள் தங்கள் பிழையான படங்களைக் கொண்டுவந்து காரணத்தைச் சேர்ந்து ஆராயும் வகுப்புகளையும் நடத்த வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். பட்டை விழுந்த அந்தப் படங்களை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அத்தகைய வகுப்பு நடக்குமானால் அவற்றையே முதலில் எடுத்து வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான ஓர் ஒளிப்படக் கலைஞர்