காளைக்கன்றுக்கும் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் பசு காளைக்கன்று ஈன்றால் வீட்டார் முகம் வாடிவிடுகிறது. விலா எலும்பு தெரியும் வயதிலேயே அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். கொடுமை இது.

மாட்டின் மரபணுத் தொகுதி 2009இலேயே வெளியானது. தசை வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மயோஸ்டாட்டின் மரபணு 2ஆம் நிறமூர்த்தத்திலும், இறைச்சியின் மென்மையோடு தொடர்புடைய கல்பெயின் மரபணு 29ஆம் நிறமூர்த்தத்திலும் உள்ளன. ஆனால் வெளிநாட்டு இனங்களில் கண்ட முடிவுகள், தேயிலை மலையோரம் அறுத்த புல்லைத் தின்று குளிரில் வளரும் நம் கலப்பினக் கன்றுக்கு அப்படியே பொருந்திவிடா.

சினைப்படுத்த வரும் அதிகாரிகளே கன்றுகளின் எடையைக் குறித்து, மரபணுச் சோதனைக்காக வேரோடு சில வால்மயிர்களைப் பிடுங்கிச் சேகரிக்கலாம். பாலும் குறையாமல் வளர்ச்சியும் தரும் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுக்க அது உதவும். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் இதை மலையகத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மாடு வளர்க்கும் வாசகர்,
ஹட்டன்.