பரணில் கிடக்கும் அந்த ட்ரங்குப் பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்

1962, 1965, 1971 போர்களில் பணியாற்றிய ராணுவ அதிகாரிகளின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

வணக்கம். ராணுவ வரலாற்றை விடாமல் படித்துவரும் ஒரு வாசகன் எழுதும் மடல் இது.

உங்களில் பலர் வீட்டில் பெயரும் பதவியும் பெயின்டில் எழுதிய ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கும். உள்ளே 56 ஏபிஓ, 99 ஏபிஓ என்று ராணுவத் தபால் நிலைய எண்ணோடு முகவரியிட்ட கடிதங்கள், கைநாட்குறிப்பு, மடித்து மடித்துக் கிழிந்த வரைபடம், இடமாற்ற உத்தரவு, பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த புகைப்படங்கள். பழைய வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டும்போது முதலில் வெளியே போவது இந்தக் காகிதங்கள்தான். மெடல்களைச் சட்டம் போட்டு மாட்டுகிறோம், கடிதங்களை எடைக்குப் போட்டுவிடுகிறோம். சில கட்டுகள் தபால்தலை சேகரிப்பவர்களிடம் போய், முத்திரைக்காக ஆளுக்கொன்றாகப் பிரிந்துவிடுகின்றன.

"எல்லாம் அரசாங்கத்திடம் இருக்குமே" என்று நினைப்பது இயல்பு. ஆனால் லெப்டினன்ட் ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் என்ன சொன்னார் தெரியுமா? 1974இல் கிழக்குப் பிராந்தியத் தளபதியாகப் பொறுப்பேற்றதும் 1971 போரின் ஆவணங்களைக் கேட்டாராம். அழிக்கப்பட்டுவிட்டன என்பதுதான் கிடைத்த பதில். வங்கதேசம் பிறந்த போரின் காகிதங்களுக்கே அந்தக் கதி. 1962இல் சீனாவிடம் அடைந்த தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் - பகத் அறிக்கையை அரசு இன்றுவரை முழுதாக வெளியிடவில்லை. போர் ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்று 2021இல் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை வகுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அழிந்துபோனதை எந்தக் கொள்கையும் மீட்டுத் தராது.

அப்படியே பத்திரமாக இருந்தாலும், படைப்பிரிவின் போர் நாட்குறிப்பில் நேரம், இடம், உத்தரவு, உயிரிழப்பு இவைதான் இருக்கும். 1962இல் சீன எல்லையையொட்டிய நம்கா சூ ஆற்றங்கரையில் பருத்திச் சீருடையோடு குளிரில் நின்றவர்களுக்கு ராத்திரி எப்படிப் போனது, மேலிடத்து உத்தரவைப் பற்றி பங்கரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில்தான் வரும்.

ஜெய்ப்பூரைச் சேர்ந்த அமர் சிங் என்ற அதிகாரி 1898இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். 1942இல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. மொத்தம் 89 தொகுதிகள். முதல் உலகப் போரில் பிரான்சுக்கும் பிறகு மெசபடோமியாவுக்கும் போனவர். வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு நடுவே ஓர் இந்திய அதிகாரிக்கு என்ன இடம் கிடைத்தது என்பதை அன்றன்றே எழுதிவைத்தார். ஜெய்ப்பூருக்கு அருகே கானோட்டாவில் அவருடைய குடும்பம் அதைப் பத்திரப்படுத்தியதால்தான் இன்று ஆய்வாளர்கள் படிக்க முடிகிறது.

நம் பக்கம் வருவோம். லிபியப் பாலைவனப் போரில் டிஎஸ்ஓ என்ற பிரிட்டிஷ் ராணுவ விருது பெற்று, 1942இல் போர்க்கைதியாகி, 1966இல் தரைப்படைத் தலைமைத் தளபதியான பி.பி. குமாரமங்கலம் போன்றவர்களை வரலாறு எப்படியும் நினைவில் வைத்திருக்கும். நான் கவலைப்படுவது கேப்டன்களையும் லெப்டினன்ட்டுகளையும் பற்றித்தான். 1962க்குப் பிறகு அவசரகால கமிஷன் (தற்காலிக அதிகாரிப் பதவி) கொடுத்து ஏராளமான கல்லூரி இளைஞர்களை எடுத்தார்கள். அதற்காகவே 1963இல் சென்னையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அவர்களில் பலர் 1965இல் களத்தில் நின்றார்கள், சில ஆண்டுகளில் விடுவிக்கப்பட்டு வேறு வேலைகளுக்குப் போனார்கள். பேங்க் மேனேஜராக மட்டுமே நீங்கள் அறிந்த தாத்தா, 1965 போர்க்களமான மகாராஜ்கேயில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் ஒரு பிளாட்டூனை நடத்தியவராக இருக்கலாம். அவருடைய காகிதம் போனால் அந்தச் செய்தியும் போய்விடும்.

இன்னொரு விஷயம். "அப்பா மேலதிகாரியைத் திட்டி எழுதியிருக்கிறார், பயந்ததாக எழுதியிருக்கிறார், அதை மட்டும் கிழித்துவிடலாம்" என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத் தலைவராக இருந்த ஆலன்புரூக் தன் மனைவிக்காக எழுதிய நாட்குறிப்பு, சர்ச்சில் மீதான கடும் விமர்சனங்களை மட்டுப்படுத்தி 1957இல் வெளிவந்தது. முழு வடிவம் 2001இல் வந்தபோதுதான் அவர் உண்மையில் என்ன நினைத்தார் என்பது தெரிந்தது. மூலம் லண்டன் கிங்ஸ் கல்லூரிக் காப்பகத்தில் இருந்ததால் அது முடிந்தது. உங்களுக்குச் சங்கடமாக இருந்தால், இத்தனை ஆண்டுகளுக்கு யாருக்கும் காட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு காப்பகத்திடம் பேசிப் பாருங்கள். 'ரகசியம்' என்று முத்திரையிட்ட தாள் கண்ணில் பட்டால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், கிழிக்கவும் வேண்டாம். தனியே எடுத்து வைத்து, ரெஜிமென்ட்டிடம் முறைப்படி கேளுங்கள்.

காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்க முயலாதீர்கள். அவர் கட்டி வைத்த கட்டு அப்படியே இருக்கட்டும், அந்த வரிசைக்கும் ஒரு காரணம் இருக்கும். துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாகக் கழற்றுங்கள். லேமினேஷனும் செல்லோடேப்பும் கூடவே கூடாது. அப்புறம், டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகமும் தீன்மூர்த்தி வளாகத்து நூலகமும் தனிநபர் ஆவணங்களைப் பெற்றுப் பாதுகாக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட் அதிகாரி என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமென்ட் மையத்துக்கும் எழுதிக் கேட்கலாம். கொடுக்க மனமில்லையா, சரி, ஸ்கேன் செய்து பிரதியையாவது கொடுங்கள்.

இவற்றில் எதையும் தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் படங்களில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடிய பாட்டியோ பழைய நண்பரோ இன்னும் இருந்தால், இந்த வாரமே அவரிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பெயர்களை எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்