குருத்தோலை கேட்டுப் போனவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பியம் என்ற அக்கம்பக்கக் குடும்பக் குழுக்களின் பொறுப்பாளர்களே, மரியாயின் சேனை செபக் குழுவினரே, மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரே, வேறு கோயில்களின் பங்குகளிலிருந்து வந்து உதவிய சாமிமார்களே, கதவைத் திறந்து உட்காரச் சொன்ன வீட்டாரே, உங்கள் எல்லோருக்கும் உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகளும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றியும்.

கோயிலைவிட்டு விலகிப்போன ஒருவரிடம் "ஏன் பூசைக்கு வர்றதில்ல?" என்று கேட்டால் அந்தத் திண்ணையில் பேச்சு அதோடு முடிந்துவிடும். குருத்து ஞாயிறில் வாங்கிய ஓலையை எரித்த சாம்பலைத்தான் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனில் நெற்றியில் பூசுவோம். அதனால்தான் அந்தப் புதனுக்கு மூன்று வாரம் முன்பே, "பழைய குருத்தோலை இருந்தா குடுங்கம்மா, சாம்பலுக்கு எரிக்கணும்" என்று மட்டும் கேட்கும்படி உங்களை அனுப்பினோம். கோயில் பக்கமே வராத வீட்டிலும் திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஓர் ஓலை செருகியிருக்கும். சிலுவையாக மடித்தது, பழுப்பேறியது, தொட்டால் நுனி உதிரும். அதை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறும்போதே, "இது அம்மா இருந்தப்ப வச்சது" என்று யாராவது சொல்லத் தொடங்குவார்கள். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும். நீங்கள் குறுக்கே பேசாமல் கேட்டீர்கள். அதற்குத்தான் முதல் நன்றி.

இருவர் இருவராகவே போனீர்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவில்லை. திருவிழா வரி நோட்டைக் கையில் எடுக்கவே இல்லை. இது சின்ன விஷயம் அல்ல. வரி பாக்கி வைத்தவர் தெருமுனையில் நோட்டைப் பார்த்தாலே பின்வாசல் வழியாகப் போய்விடுவார், பிறகு அந்தக் குடும்பத்தைச் சந்திக்க ஒரு வருடம் ஆகும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வேலை பார்ப்பவர்களைச் சாயங்காலம் போய்ப் பார்த்ததும் சரியான முடிவு. விடியும் முன்பே மல்லிகை நிறுக்கப் போகிறவருக்கு ஞாயிறு காலைப் பூசை எட்டாது. அவர் விசுவாசம் குறைந்து நின்றவர் அல்ல, நேரம் ஒத்துவராமல் நின்றவர். மாலைப் பூசை எத்தனை மணிக்கு என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்ததே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

ஓலைகளை எரித்துக் கொடுத்த இளைஞர்களுக்கு நன்றி. இரும்புச் சட்டியில் முழுக்கக் கருகும்வரை எரித்து, ஆறவிட்டு, மெல்லிய துணியில் சலித்தீர்கள். அரைகுறையாக எரிந்தால் நார் நாராக நிற்கும், நெற்றியில் ஒட்டாது. தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டாம் என்று சொன்னதையும் கேட்டீர்கள். சாம்பலும் தண்ணீரும் சேர்ந்தால் காரமாகி, சிலருக்குத் தோல் புண்ணாகும். உலர்ந்தபடியே வைப்பதுதான் நல்லது.

வெளிப்பங்குச் சாமிமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பல வருடம் கழித்து வருகிறவருக்குச் சொந்தப் பங்குச் சாமியிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கூச்சம் இருக்கும். பெரிய வெள்ளிக்கு முந்திய நாட்களில் நீளும் வரிசையில் நின்றால் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிது. திரும்பி வருகிறவருக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் வேண்டும். அதனால் வார நாள் மாலையில் இரண்டு மணி நேரம், இரண்டு இடங்களில் அமர்ந்தீர்கள். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர், அதற்கு மேல் சேர்க்கவில்லை. வந்தவர்களை அதிகமாகப் பயமுறுத்தியது பாவம்கூட இல்லை, செபம் மறந்துபோனதுதான். பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனத்துயர் செபத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேட் செய்து முழந்தாள் பலகையில் வைத்த ஆசிரியைக்கு நன்றி. அதன் மறுபக்கத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய ஐந்து காரியங்களும் இருந்தன: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் அறிக்கையிடுவது, கொடுத்த பரிகாரத்தை நிறைவேற்றுவது. பெரிய பாவத்தை மறைக்கக் கூடாது. உண்மையாகவே மறந்துபோனதற்காகத் தவிக்கவும் வேண்டாம், அதுவும் மன்னிப்புக்குள் வந்துவிடும். இதை நீங்கள் பொறுமையாகச் சொன்னபிறகுதான் பலர் மூச்சுவிட்டார்கள்.

உபதேசியாருக்குத் தனியாக நன்றி. கோயிலில் மணம் முடிக்காமல் பதிவுத் திருமணம் மட்டும் செய்தவர்கள், பூசையில் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் நின்று, அங்கே மறுக்கப்பட்டு, அவமானத்தோடு திரும்புவது பல இடங்களில் நடக்கிறது. அப்படிப் போனவர் மறுபடி வருவது அரிது. நீங்கள் வீட்டிலேயே விளக்கினீர்கள். திருமணத்தைத் திருச்சபையில் முறைப்படுத்த ஆறு மாதத்துக்குள் எடுத்த திருமுழுக்குச் சான்று வேண்டும். துணை கிறிஸ்தவர் இல்லையென்றால் ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வேண்டும், அவர் மதம் மாற வேண்டியதில்லை. அதுவரை பூசைக்கும் செபத்துக்கும் தாராளமாக வரலாம். தாள்களைப் பார்த்து முடிக்க நீங்கள் அலைந்த அலைச்சல் எங்களுக்குத் தெரியும்.

இனிமேல்தான் கவனம் வேண்டும். திரும்பி வந்தவருக்கு முதல் வாரம் கண்ணீரும் சந்தோஷமுமாக இருக்கும். சில வாரம் போனால் செபத்தில் உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றாது. "ஆண்டவர் என்னை விட்டுட்டார்" என்று நினைத்துவிடுவார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த மறைப்பணியாளர் தே நொபிலி சேர்ந்திருந்த சேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் இந்த வறட்சிக்கே வழி சொல்லியிருக்கிறார்: அந்த நேரத்தில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே, செபத்தைக் குறைக்காதே, கொஞ்சம் கூட்டு. பதினைந்து நிமிடம் என்று வைத்தவர் பதினாறு நிமிடம் இருக்கட்டும். விவிலியத்தைத் தொடக்க நூலிலிருந்து ஆரம்பித்தால் லேவியர் நூலில் நின்றுவிடுவார்கள். மாற்கு நற்செய்தி கொடுங்கள். பதினாறு அதிகாரம், நாளுக்கு ஒன்று.

சுக்குக்காப்பி போட்டவர்களுக்கும், மைக் செட்டுக்குக் காசு வாங்காத அண்ணனுக்கும், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்காமாருக்கும் நன்றி.

இந்த வருடக் குருத்தோலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படத்துக்குப் பின்னால் செருகி வையுங்கள், அடுத்த தவக்காலத்துக்கு முன்பு கேட்டு வருவோம்.

இயேசுவின் அன்பில்,
பங்குச் சந்திப்புக் குழுவினர், மதுரை