சர் ஆகா சையித் கூரைகளில் சிமெண்ட் வேண்டாம்

ஈரானின் சஹார்மஹால் பக்தியாரி மாகாணத்தில் பழைய மண்வீடுகளைச் சீரமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சாக்ரோஸ் மலைச்சரிவில் இருக்கும் சர் ஆகா சையித் கிராமத்தில் கீழ்வீட்டின் கூரைதான் மேல்வீட்டின் முற்றம். அங்குள்ள பக்தியாரி லூர் இன மக்களுக்கு அதுவே நடைபாதையும். அதனால் ஒரு கூரை ஒழுகினால் கீழ்வீட்டு உத்தரத்தோடு மேல்வீட்டுச் சுவரடியும் நனையும். சிமெண்ட் பூசினால் தொல்லை விட்டது என்ற எண்ணத்தை இங்கே தயவுசெய்து கைவிடுங்கள்.

5 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ பாரம் ஏற்றும். பாரத்தைவிட ஈரம்தான் பெரிய எதிரி. அடுப்பெரியும் வீட்டின் நீராவி மண் வழியே வெளியேறும். சிமெண்ட் அதை அடைத்துவிடும். குளிரில் விழும் விரிசல் வழியே இறங்கிய தண்ணீரும் உள்ளேயே தங்கி, சுவருக்குள் புதைந்த உத்தர முனையை உளுக்க வைக்கும். மேலிருந்து பார்த்தால் கூரை புதிதாகவே இருக்கும்.

காஹ்கெல் எனும் வைக்கோல் மண்சாந்தே போதும், அவசரப்படாமல் செய்தால். சலித்த களிமண் ஒரு கன மீட்டருக்குப் பொடித்த கோதுமை வைக்கோல் 40 முதல் 50 கிலோ. தண்ணீர் விட்டு மிதித்து, இரண்டு நாளாவது ஊறவிட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். அன்றே குழைத்து அன்றே பூசினால் காய்ந்ததும் பாளமாகப் பெயரும். உள்ளங்கையளவு தட்டி நிழலில் காயவைத்துப் பாருங்கள். வெடித்தால் வைக்கோல் போதவில்லை. சிறிது உப்பு சேர்த்தால் புல் முளைக்காது. அளவு மீறினால் அதுவே ஈரத்தை இழுக்கும்.

பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலே பூசுவதுதான் எங்கும் நடக்கும் தவறு. 3 செ.மீ. பூச்சே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. சில வருடங்களில் உத்தரம் வளைந்துவிடும். 2006 மார்ச் 31 அன்று மேற்கு ஈரானின் லொரெஸ்தான் மாகாணத்தில் வந்த நிலநடுக்கத்துக்குப் பிறகு, கனத்த மண்கூரையின் ஆபத்தை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தண்ணீர் வடிய மீட்டருக்கு 2, 3 செ.மீ. வாட்டம் வையுங்கள். தூம்பு சுவரைவிட்டு நன்றாக நீண்டு சந்தில் விழட்டும், கீழ்க்கூரையில் அல்ல. பனிக்கும் இதே விதி. ஒரு மீட்டர் உயரத்துக்கு இறுகிய பனி சதுர மீட்டருக்கு 300 கிலோ வரை கனக்கும். அதை அப்படியே கீழ்வீட்டின்மேல் தள்ளக் கூடாது. மரமண்வெட்டி போதும், இரும்பு பூச்சைக் கீறிவிடும்.

பூச்சு வேலையை அறுவடை முடிந்த கையோடு வையுங்கள். வைக்கோல் அங்கேயே கிடைக்கும். இலையுதிர்காலத்துக்குத் தள்ளினால், காயாத சாந்து இரவில் உறைந்து பொடியாகும். பனியில் பாதை அடைபட்டபின் மறுபடி பூச ஆளும் வர முடியாது.

இப்படிக்கு,
மண் கட்டுமானத் தொழிலாளர்கள்