அடுத்த வீட்டுச் சத்தமும் ஒரு பாட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு நேரும் வன்முறையைப் பாட்டாக்குவது துயரத்தை விற்பதுதான் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

1979 ஜனவரியில் அமெரிக்காவின் சான் டியேகோவில் 16 வயதுப் பெண் ஒருத்தி எதிரே இருந்த தொடக்கப்பள்ளியை நோக்கிச் சுட்டாள். தலைமையாசிரியரும் பள்ளிப் பராமரிப்பாளரும் மாண்டார்கள். பிள்ளைகள் எட்டுப் பேருக்குக் காயம். ஏன் என்று கேட்டதற்குத் திங்கட்கிழமை பிடிக்கவில்லை என்றாளாம். அந்தப் பதிலையே பல்லவியாக்கிய பூம்டவுன் ராட்ஸ் குழுவின் பாட்டு அதே ஆண்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. சுட்டவள் சொன்னது இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. அடிபட்ட பிள்ளைகளை யாருக்குத் தெரியும்? இந்தப் பாட்டைப் பொறுத்தவரை நானும் அந்த வாசகர் கட்சிதான்.

ஆனால் 'ஸாம்பி' என்ற பாட்டு அப்படியல்ல. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் வாரிங்டன் கடைத்தெருவில் அயர்லாந்து ஆயுதக் குழுவான ஐஆர்ஏ வைத்த குண்டுகளுக்கு 3 வயதிலும் 12 வயதிலும் இரண்டு சிறுவர்கள் பலியானார்கள். மறு ஆண்டு கிரான்பெரீஸ் குழுவின் டொலோரஸ் ஓரியர்டன், தானும் அயர்லாந்துக்காரராக இருந்தும், தன் நாட்டின் பெயரால் நடந்த அந்தக் கொலையில் தனக்குப் பங்கில்லை என்று குரலெடுத்துப் பாடினார். சமூக மன்றக் கரோக்கியில் இதைத் தொண்டை கிழியப் பாடிய இளையர் ஒருவரிடம் எதைப் பற்றிய பாட்டு என்று கேட்டேன். "பேய்ப் படத்துப் பாட்டுதானே, ஆண்ட்டி?" என்றார். பாட்டை ஒலிபரப்புகிறவர்கள் முன்னால் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்தது 1987இல் வந்த சூசன் வேகாவின் 'லூக்கா'. இரண்டாம் மாடியில் இருக்கும் அடிபட்ட பிள்ளை, கீழ்மாடிக்காரரிடம் பேசுகிறது: ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டால் என்னவென்று என்னிடம் கேட்காதீர்கள். மெட்டு என்னவோ துள்ளலாகத்தான் இருக்கும். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டுமா? பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசம் நம் அடுப்படிவரை வருகிறது, அடி விழும் சத்தம் வராதா? 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு, பெற்றவர்கள் பாடு என்று இருந்துவிடுகிறோம்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் பிள்ளையின் பெயர் வெளிவருவதில்லை. அதுதான் சரி. ஆனால் பெயரில்லாத செய்தி இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் அமுங்கிவிடுகிறது. யார் வீட்டுப் பிள்ளையையும் காட்டிக்கொடுக்காமல் அதை மறக்கவிடாமல் செய்ய ஒரு பாட்டால் முடியும்.

ஏப்ரல் தோறும் தமிழ்மொழி விழாவுக்கு நம் உள்ளூர் இசைக் கலைஞர்கள் புதுப்பாட்டு போடுகிறார்கள். தமிழின் பெருமையைப் பாடியது போதாதா! அந்தக் கீழ்மாடிக்காரர் பாடுவதாக, புளோக்கில் சத்தம் கேட்டும் கதவைத் திறக்காதவர் பாடுவதாக, ஒரு பாட்டு எழுதட்டுமே. வயலின் அழ வேண்டாம், பழிவாங்கும் வசனமும் வேண்டாம். குடும்ப வன்முறை பற்றித் தெரிவிக்க 1800-777-0000 என்ற எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. பாட்டு முடிந்ததும் வானொலி அறிவிப்பாளர் அதை ஒருமுறை தமிழில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்