தொலைபேசியை எடுத்தவர்களுக்கு

அன்புள்ள பழைய வானொலிக் கூட்டத்துக்கும், பிறகு வந்து அந்தக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டவர்களுக்கும்,

வணக்கம். 2025 டிசம்பர் 16ஆம் திகதியோடு இலங்கை ஒலிபரப்புக்கு நூறு வயது நிறைந்தது. அதையொட்டி நான் எழுதத் தொடங்கிய கட்டுரை, எழுத எழுத வளர்ந்து, கடைசியில் உங்கள் எல்லோருடைய நித்திரையையும் கெடுத்துவிட்டுத்தான் முடிந்தது. இரவு பத்து மணிக்கு அழைத்தாலும் எடுத்தீர்கள். மருந்து போட்டுக்கொண்டு படுத்தவர்கள்கூட எழும்பி வந்து கதைத்தீர்கள். வழக்கமாகப் புதன்கிழமைகளில் நான் எதையாவது பற்றிப் புலம்புவேன். இந்தப் புதன்கிழமை புலம்பலைக் குறைத்துக்கொண்டு நன்றி சொல்லலாம் என்று இருக்கிறேன்.

பெயர் போடவேண்டாம் என்று உங்களில் பலர் கேட்டுக்கொண்டீர்கள். மைக்குக்கு முன்னால் பாதி வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு இவ்வளவு கூச்சம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. சரி, போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி செய்தி வாசித்த அக்காவுக்கு. ‘ஆசியாவின் முதல் வானொலி நம் இலங்கை வானொலி’ என்று ஒரு செய்தி கொடி, பூமாலை எல்லாம் போட்டு வட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் எத்தனையோ குழுக்களிலிருந்து அது எனக்கு வந்து சேர்ந்தது. அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். “பம்பாயும் கல்கத்தாவும் எங்கே போய்விட்டன தம்பி?” என்று கேட்டார். அந்த இரண்டு நகரங்களிலும் 1923இலேயே வானொலிக் கழகங்கள் ஒலிபரப்பத் தொடங்கியிருந்தன. சென்னையில் 1924. தோக்கியோவில் 1925 மார்ச். கொழும்பில் தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் பரிசோதனைகளை முன்பே செய்து பார்த்திருந்தாலும், ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் முறைப்படி சேவையைத் திறந்துவைத்தது 1925 டிசம்பர் 16இல்தான். “ஆசியாவின் மிகப் பழைய வானொலிகளில் ஒன்று என்று எழுது. அந்தப் பெருமை போதாதா உனக்கு?” என்றார். போதும் அக்கா. ஆனால் ‘ஒன்று’ என்று எழுதினால் யாரும் பகிர மாட்டார்கள், ‘முதல்’ என்று போட்டால்தான் விரல் தானாகப் போய் அழுத்தும். அதுதான் சிக்கல்.

அக்கா அத்தோடு விடவில்லை. கட்டுரை முழுவதையும் தொலைபேசியில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, “இதில் மூச்சு எங்கே எடுக்கப்போகிறாய்?” என்றார். இது வாசகர் கண்ணால் வாசிக்கப்போகிற கட்டுரை அக்கா, வானொலிக்கு இல்லை என்றேன். “கண்ணுக்கும் மூச்சு வேண்டும்” என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை இரண்டாக வெட்டும்வரை அடுத்த பந்திக்குப் போக விடவில்லை. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் காலை ஆறு மணிச் செய்தி வாசித்த குரல் அப்படியே இருக்கிறது. நடுவில் பேரப்பிள்ளையை அதட்டினார். அந்த அதட்டலிலும் ஒவ்வொரு ழகரமும் சுத்தமாக விழுந்தது.

அடுத்தது, ஒலிப்பதிவுக் கூடத்து அண்ணை. எங்கள் கலையகத்தில் எல்லோரும் கைகழுவிவிட்ட ஸ்பூல் நாடாக்களைப் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டுப் பத்திரப்படுத்தியவர் நீங்கள் ஒருவர்தான். கால் அங்குல நாடா. சிலது ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தது, சிலதில் முன்பு ஒட்டிய இடங்கள் காய்ந்து விட்டுப்போயிருந்தன. பழைய கருவியைப் பழுதுபார்த்து, விட்டுப்போன ஒட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டி, கணினிக்கு மாற்றித் தந்தீர்கள். சவர அலகு, மஞ்சள் மெழுகுப் பென்சில், சாய்வாக வெட்டப் பள்ளம் போட்ட அந்தச் சின்ன உலோகக் கட்டை எல்லாம் இன்னமும் உங்கள் லாச்சிக்குள் இருந்ததைக் கண்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, இன்னொன்றும் வந்தது. அதை விடுவோம்.

ஒரு நாடாவின் தொடக்கத்தில் அறிவிப்பாளர் இருமுகிறார். தேத்தண்ணி ஆறிவிட்டது என்று யாரிடமோ முறைப்பாடு செய்கிறார். கதிரை கிறீச்சிடுகிறது. பிறகு ஒரு கணம் அமைதி, அதற்குப் பின்னால் வேறு யாரோ வந்து உட்கார்ந்ததுபோல முழுக்க முழுக்க வானொலிக் குரல். “இருமலை வெட்டிவிடவா?” என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். “காலம் முழுக்க நான் வெட்டி எறிந்ததே இதைத்தான்” என்று முணுமுணுத்துக்கொண்டே அப்படியே விட்டுவைத்தீர்கள். கட்டுரையைப் படித்தவர்கள் அதிகம் கேட்டு வாங்கியது அந்த இருமல் உள்ள துண்டைத்தான் அண்ணை.

இனி, இறந்தவருக்கு நன்றி. கட்டுரை பாதியில் நின்ற ஒரு மாலை, எங்களோடு நாடகங்களில் நடித்த மூத்த அறிவிப்பாளர் ஒருவரின் படம் முகநூலில் மெழுகுதிரியோடு வந்தது. ‘ஆழ்ந்த இரங்கல்’, ‘ஈடுசெய்ய முடியாத இழப்பு’ என்று கீழே நீண்ட வரிசை. அவரோடு ஒரு நாளும் பழகாதவர்கள்கூடப் பழைய நினைவுகளை மீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அவருடைய வீட்டு இலக்கத்துக்கு அழைத்தேன். அவரே எடுத்தார். விசயத்தைச் சொல்ல வாய் வராமல் “எப்படி இருக்கிறீங்கள் ஐயா?” என்று இழுத்தேன். “செத்துப்போனதாகத்தான் கேள்வி” என்றார். அதற்குள் பத்துப் பேருக்குமேல் அழைத்துவிட்டார்களாம். அன்று பின்னேரம் மீன் வாங்கப் போனபோது மீன்காரரும் ஒருமாதிரிப் பார்த்தாராம்.

அவருக்குக் கோபம் வதந்தியில் இல்லை, அதை எழுதிய விதத்தில். “பிறப்பிடம் இல்லை, வதிவிடம் இல்லை, யாருடைய மகன், யாருடைய கணவன் என்று இல்லை, கிரியை எங்கே, எத்தனை மணிக்கு என்று இல்லை. இதெல்லாம் ஒரு மரண அறிவித்தலா?” என்றார். சிரித்துவிட்டேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியான கேள்வி. இலங்கையில் வானொலி கேட்டு வளர்ந்த யாருக்கும் அந்த வரிசை மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகனும் இன்னாரின் பாசமிகு கணவரும் ஆவார், இத்தகவலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். கடைசியில் ‘தகவல்’ என்று ஒரு பெயர். எங்கள் மேசையில் அந்தக் கடைசிப் பெயரும் விலாசமும் இல்லாத அறிவித்தலை யாரும் கையில் தொடவே மாட்டார்கள். ஒரு சாவைச் சொல்வதென்றால் அதற்குப் பொறுப்பாக உயிரோடு ஒரு ஆள் நிற்கவேண்டும். முகநூலில் வந்த மெழுகுதிரிக்குப் பின்னால் அப்படி ஒரு ஆள் இல்லை.

அந்தப் படம் எங்கிருந்து எடுத்தது என்று தேடிப்பிடித்துத் தந்தவர் பண்பலை வானொலி ஒன்றின் செய்தி அறையில் வேலை செய்யும் தம்பி. ஐயா போன வருடம் போன கல்யாண வீட்டுப் படமாம், பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு மெழுகுதிரியை ஒட்டியிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கத் தம்பிக்கு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகும் ஐயாவின் வீட்டாரோடு ஒருமுறை கதைத்துவிட்டுத்தான் ‘வதந்தி’ என்று எழுதினார். இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். 1998இல் தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்த நாளிலிருந்து, பெடியள் தமிழைக் கெடுக்கிறார்கள், வேலை தெரியாது என்று எங்கள் தலைமுறை ஓயாமல் முனகிக்கொண்டே இருக்கிறது. உச்சரிப்பைப் பற்றி எனக்கும் நாலு வார்த்தை சொல்ல இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வேலை தெரியாது என்று இனி என் முன்னால் யாரும் சொல்லவேண்டாம்.

உரியவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை எனக்குக் காட்டித்தந்த செய்தி ஆசிரியர் இப்போது இல்லை. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி பின்னேரம் இரண்டு மணி கழிந்து சுமாத்திராவுக்கு அப்பால் கடலில் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. சுனாமி எச்சரிக்கை வந்தது. 2004 டிசம்பரைக் கண்ட கிழக்குக் கரையில் மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். எங்கள் செய்தி அறையில் எல்லாத் தொலைபேசியும் ஒன்றாக அடித்தது. கடல் உள்ளே வந்துவிட்டது என்றார் ஒருவர், கடல் பின்வாங்கிவிட்டது என்றார் இன்னொருவர். ஆசிரியர் எழும்பி நின்று இரண்டே இரண்டு விசயம் சொன்னார். விலகிப்போகச் சொல்லும் எச்சரிக்கையை உடனே வாசியுங்கள், அதில் தாமதம் கூடாது. கடல் வந்துவிட்டது என்பதை மட்டும், கரையில் நிற்கும் நம் ஆள் தன் கண்ணால் கண்டு சொல்லும்வரை வாசிக்கவேண்டாம். அன்றைக்குப் பேரலை வரவில்லை, எச்சரிக்கையையும் பிறகு விலக்கிக்கொண்டார்கள். பயந்து ஓடிய சனத்தை நாங்கள் மேலும் பயமுறுத்தாமல் இருந்தோம் என்றால் அது அவரால். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இந்த மடலில் ஒரு தனி வணக்கம்.

நேயர்களுக்கு வருகிறேன். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்துத்தான் செய்தி கேட்டார்கள். இதை நீங்கள் எல்லோரும் அறிந்திருப்பீர்கள். ஆனால் அவர் சொன்ன ஒரு விபரம் எனக்குப் புதிது. சுற்றுவது இவர், கேட்பது அப்பா. இரவு லண்டனிலிருந்து வரும் பிபிசி தமிழோசை. கை ஓய்ந்தால் வாசிப்பவரின் குரல் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிடும். அதனால் இவருக்குச் செய்தி எதுவும் காதில் ஏறுவதில்லை, சக்கரச் சத்தம்தான். முடிந்ததும் அப்பா வேலியடியில் நின்று பக்கத்து வீட்டாருக்கு ஒப்புவிக்கும்போதுதான் இவரும் கேட்பாராம். “தமிழோசை என்ன சொன்னது, எங்கள் அப்பா என்ன சேர்த்துச் சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது” என்று சொல்லிச் சிரித்தார். 2017 ஏப்ரல் 30இல் தமிழோசை வானொலி நின்றபோது அப்பா உயிரோடு இல்லையாம். இந்தப் பதிவு இல்லாவிட்டால் என் கட்டுரை கொழும்புக் கலையகத்துச் சுவருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கும். நன்றி அண்ணா.

அக்கரையிலிருந்து வேதாரண்யத்து ஆசிரியர் ஒருவர் தன் தந்தையின் கொப்பியைப் படம் எடுத்து அனுப்பினார். எந்த நாள் எந்தப் பாட்டு, யார் அறிவிப்பு என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார் அந்த மனிதர். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று வீட்டு ஆட்களைக் குறிப்பதுபோலப் பெயர்கள். ‘பொங்கும் பூம்புனல்’ என்று எங்கள் பாட்டு நிகழ்ச்சியின் பெயர் பக்கத்துக்குப் பக்கம். 1952இல் இந்திய ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டுக்குக் கதவைச் சாத்தியதும், 1957 அக்டோபரில் அவர்களுடைய திரைப்பாட்டுச் சேவையான விவித்பாரதி வரும்வரை அந்த இடைவெளியை இலங்கை வானொலி நிரப்பியதும் எல்லோரும் எழுதுகிற கதை. கதவு திறந்த பிறகும் இந்த மனிதர் ஏன் எங்களையே கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்குக் கொப்பியில் பதில் இருக்கிறது. பாட்டின் பெயரைவிட அறிவிப்பாளரின் பெயருக்குத்தான் அவர் அடிக்கோடு போட்டிருக்கிறார்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இவர்களில் பாதிப்பேரை எனக்குத் தேடித்தந்தது நான் வாய் ஓயாமல் திட்டுகிற அதே முகநூல்தான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியபோது பலர் தடையைச் சுற்றிப் போகும் வி.பி.என். செயலியைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள், அன்று பின்னேரமே திறந்துவிடவும் வேண்டி வந்தது. அன்றைக்கும் வதந்தி நிற்கவில்லை. பொய்யென்று சொல்லக்கூடியவர்களில் வி.பி.என். போடத் தெரியாத வயதானவர்கள்தான் வெளியே நின்றார்கள். அதனால் பூட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் அக்கா மாதிரி நாலு பேரை ஒவ்வொரு குடும்பக் குழுவிலும் சேர்த்துவிட்டாலே பாதிக் காரியம் முடிந்துவிடும். குழுவை விட்டு எல்லோரும் வெளியேறிவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது, அது வேறு விசயம்.

கடைசியாகச் சில காரியங்கள். கசற் தந்தவர்களின் கசற்றுகள் எல்லாம் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்துக்குரியவை வருகிற வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் மருமகனிடம் கொடுத்து அனுப்புகிறேன், மட்டக்களப்புப் பெட்டிக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. ஒரு ஸ்பூல் மட்டும் மிச்சம். மேலே ‘நாடகம் – ஒத்திகை’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறது, திகதி இல்லை. இரண்டு பெண்குரல்களில் ஒன்றை அக்கா கண்டுபிடித்துவிட்டார், மற்றது யாரென்று தெரியவில்லை. துண்டை உங்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டு அழையுங்கள், ஒன்பது மணிக்குப் பிறகென்றாலும் எடுப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய செய்தி அறைத் தம்பி,
வெள்ளவத்தை